கிரியேட்டினின் சொல்லாத சேதி

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைத்தான். அது 1.2 என்று வந்துவிட்டால் அடுத்த செக்-அப் வரை நிம்மதி. ஆனால் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் வரக்கூடிய லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயை அந்த எண் காட்டிக்கொடுக்காது.

சிறுநீரகம் பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஓரிருவருக்கே இது வருகிறது. குடல் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

புது உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகள் நோயெதிர்ப்பு அமைப்பின் டி செல்களை அடக்கிவைக்கின்றன. பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் பி செல்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அதற்குக் காவலும் அதே டி செல்கள்தான். காவல் தளர்ந்தால் பி செல்கள் தறிகெட்டுப் பெருகும். முதல் ஆண்டிலேயே வரும் லிம்போமாக்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. வைரஸ் அண்டாத குழந்தைக்கு, அதைச் சுமக்கும் பெரியவரின் உறுப்பைப் பொருத்தும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

தாமதமாக வருபவற்றில் பலவற்றில் வைரஸின் சுவடே இருப்பதில்லை. சிகிச்சையும் அதனால் சிக்கலாகிறது. டி செல்களை அடக்கும் மருந்தைக் குறைத்ததுமே கட்டிகள் கரைந்ததை அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் குழு 1984இல் 'லான்செட்' இதழில் எழுதியது. இன்றும் முதல் படி அதுதான். தாமத வகையில் அது மட்டும் போதுவது அரிது. ரிட்டுக்ஸிமாப் ஊசி, தேவைப்பட்டால் கீமோதெரபி என்று போக வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் 2022இல் அனுமதி பெற்ற டி செல் சிகிச்சையான டேபெலெக்ளூசெல்கூட வைரஸ் உள்ள கட்டிகளுக்குத்தான். மருந்தைக் குறைப்பது மருத்துவர் வேலை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: பயந்துபோய்த் தாமாகவே நிறுத்தினால் உறுப்பே பறிபோகலாம்.

கழுத்தில் நெறிக்கட்டு, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு என்றால் நம்மூரில் முதல் சந்தேகம் காசநோய். நியாயமான சந்தேகம்தான், உறுப்பு பெற்றவர்களுக்கு அதுவும் எளிதில் வரும். பயாப்ஸி செய்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். கட்டி குடலிலோ மூளையிலோ பொருத்திய உறுப்பிலேயோ இருந்தால் வெளியே நெறிக்கட்டே தெரியாது. குடலில் என்றால் தீராத வயிற்றுவலியோ கறுப்பு மலமோ முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போது போவது பெரும்பாலும் தெருமுனை டாக்டரிடம். பத்து ஆண்டுக்கு முந்தைய ஆபரேஷனை அவரிடம் சொல்லப் பலருக்குத் தோன்றுவதில்லை.