720 கிலோ குரோமுக்கு எத்தனை மார்க்?

வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளில் ட்ரம்மில் குரோம் போடும்போது, பேசிக் குரோமியம் சல்பேட் சுமார் 8 சதவீதம் என்பது வழக்கம். எதில் 8 சதவீதம்? வந்து இறங்கிய உப்புத்தோலின் எடையில் அல்ல. சுண்ணாம்பில் ஊறி, மயிரும் சதையும் நீங்கிய பிறகு நிறுத்த எடையில். அது 900 கிலோ என்றால் குரோம் 72 கிலோ.

இதையே பாலிடெக்னிக் முதலாமாண்டு கணக்குத் தாளில் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வழிமுறையைச் சரியாக எழுதி, புள்ளியைத் தவறவிட்டு 720 கிலோ என்கிறார். இன்னொருவர் கேள்வியில் இருந்த இரண்டு எடைகளில் உப்புத்தோல் எடையை எடுத்துப் பிசகில்லாமல் பெருக்குகிறார். மூன்றாமவர் ஒரு படியும் எழுதாமல் 72 என்று மட்டும் போடுகிறார்.

நம் ஊர் 'ஸ்டெப் மார்க்' முறையில் முதல் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் விழும், மூன்றாமவர் மாட்டிக்கொள்வார். படிகளுக்கு மதிப்பெண் தருவது நியாயம்தான். பத்தாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளையைக் கைத்தவறு ஒன்றுக்காகப் பூஜ்யத்தில் தள்ள முடியாது. ஆனால் முதல் இருவரின் தவறும் ஒரே எடை கொண்டதல்ல. சதவீதம் எதன்மேல் என்று புரியாதது பாடமே புரியாதது. பதனிட்டு, ஷேவிங் முடிந்தபின் சாயத்துக்கு அடிப்படை எடையே மாறிவிடும்; அங்கும் இரண்டாமவர் இடறுவார். 720 எழுதியவரோ, "900 கிலோ தோலுக்கு இவ்வளவு குரோமா, எங்கோ தப்பு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால், பெரும்பங்கு மதிப்பெண்ணை நான் கொடுத்துவிடுவேன்.

இப்படிப் பிரித்துப் பார்க்க ஆசிரியருக்கு இடம் இருப்பது இன்டர்னலில். தமிழகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் முந்தைய திட்டங்களில் இன்டர்னல் 25, போர்டு தேர்வு 75. 2023 விதிமுறையில் அது 40, 60 ஆனது. பழைய கணக்கில் இன்டர்னலை வைத்துத் தேறிவிடவும் முடியாது. போர்டு தேர்வில் 100-க்கு 40 கட்டாயம். 39 எடுத்தவருக்கு 75-க்கு மாற்றினால் 29.25, இன்டர்னல் முழு 25-ஐச் சேர்த்தால் 54-ஐத் தாண்டும். ஆனாலும் அரியர்தான்.

அந்தப் பழைய இன்டர்னலிலும் வருகைப்பதிவுக்கு ஒரு பங்கு போய்விட்டது. அசைன்மென்டோ ஒரே நோட்டிலிருந்து வகுப்பு முழுக்கப் பரவும். மிஞ்சுவது வகுப்புத் தேர்வுகள். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1968-இல் சொன்ன வழி இங்கே பொருந்தும்: தவறைக் காட்டிக்கொடு, திருத்தப் பாடம் கொடு, மறுபடி எழுதவிடு, பிறகு அடுத்த பாடத்துக்குப் போ. ஆசிரியருக்குத் திருத்தும் வேலை இரட்டிப்பாகும், அது உண்மை.

வாணியம்பாடியில் இன்னொரு சிக்கல். வீட்டில் உருதும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்த மாணவருக்குப் பாலிடெக்னிக் பாடநூல் ஆங்கிலத்தில். வாக்கியக் கணக்கில் அவர் தோற்றால், தோற்றது கணக்கிலா வாசிப்பிலா என்று விடைத்தாள் சொல்லாது. அதே கணக்கை வாய்மொழியாக ஒருமுறை கேட்டுப்பார்த்தால் தெரிந்துவிடும்.

வகுப்புத் தேர்வில் தவறான விடையைக் கொடுத்தே கேள்வி கேட்கலாம், அப்போது காப்பியடிப்பதும் கடினம். எடுத்துக்காட்டாக: ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். ஏற்றுமதி பில்லில் ஒருவர் 10 சதுர மீட்டர் தோலை 92.9 சதுர அடி என்று எழுதியிருக்கிறார். எங்கே தவறினார், வாங்குபவருக்கு எத்தனை சதுர அடி லாபம்?