வால்வு டெஸ்ட்: திரையில் பச்சை, தண்ணிக்குள் குமிழி



இந்த எபிசோட்டில் டெஸ்டிங் பற்றிக் கதைக்கும்போது, "ஒருக்கா வால்வு டெஸ்ட் பண்ணுற மெஷினுக்குக் கோட் எழுதினனான்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது ஒரு வரியில் முடிகிற கதை இல்லை. அந்தக் கொன்ட்ராக்ட்டில் நான் இரண்டு பிழை விட்டேன். ஒன்று, ஆளையே கொன்றிருக்கும்.

வேலை இதுதான். எண்ணெய் ஆலைகளில் இருந்து கழற்றி வரும் வால்வுகளைப் பழுதுபார்த்து, டெஸ்ட் பண்ணித் திருப்பி அனுப்பும் ஒரு பட்டறை. சென்சார் தரும் அழுத்தத்தைப் பார்த்து பாஸ், ஃபெயில் சொல்லி, சான்றிதழ் அச்சடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

அங்கே முதலில் செய்வது ஷெல் டெஸ்ட். வால்வின் இரண்டு பக்கமும் அடைத்து, பாதி திறந்து வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்துவார்கள். சாதாரண வெப்பநிலையில் அது தாங்க வேண்டிய அழுத்தத்தின் 1.5 மடங்கு. கிளாஸ் 150 கார்பன் ஸ்டீல் வால்வு என்றால் 19.6 பார் தாங்க வேண்டும். டெஸ்ட் ஏறத்தாழ 30 பாரில். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியக் கூடாது. புது வால்வு என்றால் பெயின்ட் அடிக்க முதலே இதைச் செய்ய வேண்டும். வார்ப்பில் உள்ள சின்ன ஓட்டையைப் பெயின்ட் மறைத்துவிடும்.

தண்ணீர் நிரப்பி, வடித்து, காயவைக்க நேரம் போகுது. "எல்லாத்தையும் காத்தாலேயே செய்தால் என்ன?" என்று கேட்டேன். முப்பது வருசமாக அந்த வேலையில் இருக்கும் ஒரு அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, தண்ணியில வெடிச்சா நனைவம். காத்தில வெடிச்சா எங்களைச் சுவரில இருந்து சுரண்டித்தான் எடுக்கோணும்."

கணக்கு அவர் பக்கம்தான். 100 பாரில் தண்ணீர் அரை சதவீதம்கூடச் சுருங்காது. அதனால் அதற்குள் சேரும் ஆற்றல் மிகக் குறைவு. அதே அழுத்தத்தில், அதே கொள்ளளவில், காற்று பல நூறு மடங்கு ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். இரும்பு விரிசல் விட்டால் தண்ணீரின் அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று விரிந்துகொண்டே வந்து இரும்புத் துண்டுகளை எறியும்.

அப்படியென்றால் காற்றே வேண்டாமா? வேணும். வால்வை மூடினால் உண்மையில் அடைக்குதா என்று பார்க்கும் சீட் டெஸ்டில் காற்று வரும், ஆனால் 4 முதல் 7 பார் வரைதான். குறைந்த அழுத்தம் என்றால் லேசான டெஸ்ட் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. பல வால்வுகளில் உயர் அழுத்தம்தான் உள்ளிருக்கும் பந்தையோ தகட்டையோ சீட்டோடு தள்ளி இறுக்குது. 22 பாரில் நன்றாக அடைக்கும் வால்வு 5 பாரில் ஒழுகலாம். தண்ணீர் நுழையாத இடுக்கிலும் காற்று நுழையும்.

இப்போது என் இரண்டாவது பிழை. அழுத்தம் இறங்காவிட்டால் பாஸ் என்று எழுதியிருந்தேன். ஒருநாள் திரை பச்சையாக இருக்க, அண்ணை வால்வின் மற்றப் பக்கத்துக் குழாயைத் தண்ணி வாளிக்குள் விட்டுக் காட்டினார். குமிழி குமிழியாக வருது! என் சென்சார் காற்று உள்ளே போகும் பக்கத்தில் இருந்தது. கசிந்த அளவுக்குக் கொம்ப்ரசர் நிரப்பிக்கொண்டே இருந்ததால் அழுத்தம் அசையவே இல்லை. நான் கொடுத்ததைத்தான் அளந்தேன், வெளியே வந்ததை அளக்கவில்லை.

இதே பிழை அமெரிக்காவில் ஒரு அணு உலையைக் கெடுத்தது. 1979 மார்ச் 28, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட். அழுத்தத்தை விடுவிக்கும் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ அணைந்தது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும் காட்டியது. வேலையாட்கள் மூடிவிட்டது என்று நம்பினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையப்பகுதி பாதியளவு உருகியது.

அதற்குப் பிறகு எந்த டெஸ்ட் என்று கேட்க முதல், எந்தத் தோல்விக்குப் பயப்படுகிறோம் என்று கேட்கப் பழகினேன்.

பாடி வெடிக்கும் என்று பயமா? தண்ணீரால் ஷெல் டெஸ்ட். மூடியும் ஒழுகுமா? சீட் டெஸ்ட். இங்கேயும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஏபிஐ 598 தரநிலைப்படி, ரப்பர் அல்லது டெஃப்லான் போன்ற மென்மையான சீட் என்றால் பூச்சியக் கசிவு. 6 அங்குல உலோக சீட் வால்வு என்றால் நிமிடத்துக்கு 12 சொட்டுத் தண்ணீர் அல்லது 24 காற்றுக் குமிழி வரை பாஸ். தண்டு ஓரமாக மீத்தேன் காற்றில் கலக்குமா? ஹீலியம் நிரப்பி, மோப்பக் கருவியால் தேட வேண்டும்.

அவசரத்துக்கு மூடும் வால்வு வருசக்கணக்கில் திறந்தபடியே கிடந்து இறுகிவிடுமா? ஆலையை நிறுத்தாமல், வால்வைக் கொஞ்சம் மட்டும் அசைத்துத் திரும்பத் திறக்கலாம். இதற்குப் பெயர் பார்ஷியல் ஸ்ட்ரோக் டெஸ்ட். ஆனால் அசையுது என்பதை மட்டும்தான் அது சொல்லும். இறுக மூடுமா என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

நான் கடைசியில் சென்சாரை மற்றப் பக்கத்துக்கு மாற்றினேன். சான்றிதழில் வெறும் "பாஸ்" என்பதை எடுத்துவிட்டு, எந்த டெஸ்ட், எதனால், எத்தனை பாரில், எவ்வளவு நேரம் என்று அச்சடிக்க வைத்தேன். அண்ணை வாசித்துப்போட்டு, "இப்பதான் இதில என்ர கையெழுத்து வைக்கலாம்" என்றார்.

உங்கள் வேலையிலும் ஒரு டாஷ்போர்ட் பச்சையாக இருக்கும். அது கட்டளை போனதைக் காட்டுதா, வால்வு மூடியதைக் காட்டுதா? நாளைக்குப் போய் ஒருக்கா பாருங்கோ.

அடுத்த எபிசோட்டில் சந்திப்பம்.