கண்ணாடி முடியும் இடம்

இணையம் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தாலும், அது தன் பயணத்தின் பெரும்பகுதியைக் கண்ணாடி இழைக்குள்தான் கடக்கிறது. கடலடிக் கேபிள்களும், நகரங்களை இணைக்கும் நெடுவழிக் கேபிள்களும், கைப்பேசிக் கோபுரங்களின் அடிவரை வரும் இணைப்புகளில் பலவும் ஒளியிழையால் ஆனவை என்பதால், ‘எங்களுடையது ஃபைபர்’ என்று ஒரு நிறுவனமோ தெருமுனைக் கேபிள்காரரோ சொல்லும்போது அதில் ஓரளவு உண்மை எப்போதும் இருக்கவே செய்யும். சந்தா கட்டுபவர் அறிய வேண்டியது, அந்தக் கண்ணாடி எந்த இடத்தில் முடிகிறது என்பதே. அது வீட்டுச் சுவருக்குள் முடிகிறதா, மாடிப்படிக்கு அடியிலுள்ள தகரப் பெட்டியில் முடிகிறதா, தெருக்கம்பத்தோடு நின்றுவிடுகிறதா, அல்லது அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தைத் தாண்டவே இல்லையா என்பதைப் பொறுத்தே இணைப்பின் குணமும் அதற்கு வரக்கூடிய கோளாறுகளும் அமைகின்றன.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் கொல்கத்தாவை எதிர்நோக்கி அமைந்திருக்கும் ஹவுராவில் இந்தக் கேள்விக்குத் தெருவைப் பார்த்து விடை சொல்ல இயலாது. சிப்பூர், சால்கியா, கதம்தலா போன்ற பழைய பகுதிகளின் ஒடுங்கிய சந்துகளுக்கு மேலே மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் தொலைக்காட்சிக் கேபிளும் இணையக் கேபிளும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. நாட்டின் பல நகரங்களைப் போல இங்கும் ‘பாரா’ எனப்படும் ஒவ்வொரு பேட்டையிலும் முதலில் தொலைக்காட்சிக் கேபிள் கொடுத்தவர்களே பின்னாளில் இணையமும் கொடுக்கத் தொடங்கினர். அவர்கள் முதலில் செப்புக் கம்பியை மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இழுத்தார்கள்; கண்ணாடி இழை விலை குறைந்த பிறகு அதையும் அதே வழியில் இழுத்தார்கள்; ஆனால் பழையதை அவிழ்த்து எடுக்கும் வேலையை யாரும் தம் வேலையாகக் கருதவில்லை. ஆகவே கம்பத்தில் தொங்கும் கறுப்புச் சுருள்களில் எது உயிரோடிருப்பது, எது செத்துப்போனது என்பது அதைக் கட்டியவருக்கே சில வேளை தெரிவதில்லை.

செய்தியைக் கம்பியில் அனுப்பும் வேலைக்கு இந்த ஆற்றங்கரை புதியதன்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரான வில்லியம் ஓஷாக்னஸி 1839ஆம் ஆண்டிலேயே இந்நகரத்தின் அருகே மின்தந்திச் சோதனை நடத்தினார். 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தாவின் கவுன்சில் ஹவுஸ் தெருவில் திறக்கப்பட்ட தொலைபேசி இணைப்பகம் 93 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பை முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்துதான் விடுத்தார். இன்றைய ஒளியிழைக்கும் இங்கே ஓர் உறவு உண்டு. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இயங்கும் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் ஒளியிழை உருவாக்கத்தில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் கூடமாகும்.

ஒளியிழை என்பது தலைமுடிப் பருமனுள்ள கண்ணாடி நூல். அதன் வெளிவிட்டம் 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே 9 மைக்ரான் அளவுள்ள உள்ளகத்தில்தான் ஒளி ஓடுகிறது. உள்ளகக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அதைச் சூழ்ந்த உறைக் கண்ணாடியினதைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால், உட்புகுந்த ஒளி, பள்ளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்த அந்த விதியின்படி, வெளியே கசியாமல் உள்ளகத்துக்குள்ளேயே அடைபட்டுச் செல்கிறது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் இந்த முறையில் நெடுந்தொலைவு செய்தி அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் 1966இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் திருப்புமுனை. அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

வீடுவரை கண்ணாடி வரும் முறையில், நிறுவனத்தின் அறையிலுள்ள ஓஎல்டி என்னும் கருவி ஒளியை அனுப்புகிறது. அந்த ஒற்றை இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் எனப்படும் பிரிப்பான்களில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குச் செல்கிறது. வீட்டில் ஓஎன்யு என்னும் சிறு பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், வீட்டை நோக்கி வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் வீட்டிலிருந்து போகும் ஒளி 1310 நானோமீட்டரிலும் அமைவதால், ஒரே இழையில் இரண்டும் மோதிக்கொள்ளாமல் செல்கின்றன. இறங்கு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டையும் ஏறு திசையில் 1.25 கிகாபிட்டையும் அக்கிளைகள் அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. பிரிப்பான் என்பது வெறும் கண்ணாடிக் கவை. அதற்கு மின்சாரமே தேவையில்லை என்பதைப் பிற்பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஒரு படி கீழே இருப்பது கட்டடம்வரை கண்ணாடி வரும் முறை. அதில் இழை அடுக்ககத்தின் மாடிப்படி அடியிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ உள்ள சுவிட்ச் என்னும் மின்கருவியில் முடிந்து, அங்கிருந்து வீடுவரை ஈதர்நெட் எனப்படும் செப்புக் கம்பி வருகிறது. அக்கம்பி 100 மீட்டருக்கு மேல் நம்பகமாக வேலை செய்யாது. தொலைக்காட்சிக் கேபிளின் வழியாகவே இணையம் தரும் முறையும், பழைய தொலைபேசிக் கம்பியில் தரும் முறையும் வேறு. இவை இரண்டும் குறைந்துவருகின்றன. குழப்பத்துக்கு இன்று பெரிதும் காரணமாவது கம்பியே இல்லாத முறைதான். 2023 செப்டம்பர் 19 அன்று கொல்கத்தா உட்பட 8 நகரங்களில் தொடங்கப்பட்ட ஜியோ ஏர்ஃபைபர், 5ஜி கோபுரத்திலிருந்து வரும் வானலையை வீட்டு மாடியில் பொருத்திய பெட்டியால் வாங்கி உள்ளே தருவது; ஏர்டெல் நிறுவனமும் இதே வகைச் சேவையை ஏர்ஃபைபர் என்ற பெயரிலேயே விற்கிறது. நல்ல சேவையாக இருக்கலாம். ஆனால் பெயரில் உள்ள ஃபைபர் வீட்டில் கிடையாது. மில்லிமீட்டர் அலைநீள வானலைகளை 1890களில் ஜெகதீச சந்திர போஸ் பிரசிடென்சி கல்லூரியில் சோதித்துக்காட்டிய ஊரில், வானலையை வானலை என்றே பெயரிட்டு விற்றிருந்தாலும் மதிப்புக் குறைந்திருக்காது.

ஆகவே சோதனையைக் கம்பத்திலிருந்து தொடங்காமல் வீட்டுப் பெட்டியின் பின்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். வெளியிலிருந்து வந்து பெட்டிக்குள் நுழையும் கேபிளைப் பார்க்க வேண்டும். ஒளியிழைக் கேபிள் பெரும்பாலும் மெலிந்தும் தட்டையாகவும் இருக்கும். நடுவில் இழையும் இருபுறமும் அதைத் தாங்கும் மெல்லிய எஃகுக் கம்பிகளும் இருப்பதால் வளைத்தால் விறைப்பாக எதிர்க்கும். அதன் முனையில் பச்சை அல்லது நீல நிறத்தில் சதுரமான ஒரு பிளாஸ்டிக் செருகி இருக்கும். அதன் நடுவே வெள்ளைப் பீங்கான் முனை துருத்திக்கொண்டிருக்கும். உலோகப் பற்கள் எவையும் இரா. மாறாக, உருண்டையான கேபிளின் நுனியில் கண்ணாடிபோலத் தெளிந்த செருகியும் அதில் எட்டுப் பொன்னிறப் பற்களும் இருந்தால் அது ஈதர்நெட் செம்பு; திருகி மாட்டும் உலோக முனையும் நடுவில் ஊசிபோன்ற செப்புக் கம்பியும் இருந்தால் அது தொலைக்காட்சிக் கேபிள். ஒரு எச்சரிக்கை: ஓஎன்யு பெட்டியைக் கூடத்து மூலையில் உயரத்தில் பொருத்திவிட்டு, அங்கிருந்து மேசையிலுள்ள ரவுட்டருக்கு ஈதர்நெட் கம்பி இழுப்பதும் வழக்கம் என்பதால், ரவுட்டரில் செப்பு முனை இருப்பதைக் கண்டே தீர்ப்புச் சொல்லாமல், அந்தக் கம்பி எங்கே போகிறது என்று பின்தொடர வேண்டும். அது சாளரத்தைத் தாண்டி வெளியே போனால், கண்ணாடி வீட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது.

பெட்டியின் முகப்பிலுள்ள விளக்குகளும் பேசும். ‘பான்’ என்று குறித்த பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் பெட்டி ஒளியைப் பெற்று ஓஎல்டியுடன் இணைந்திருக்கிறது; ‘லாஸ்’ என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை. இவ்விரண்டு விளக்குகளும் இல்லாத பெட்டி வெறும் ரவுட்டராக இருக்க வாய்ப்பு மிகுதி. பெரும்பாலான ஓஎன்யு பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால், வந்துசேரும் ஒளியின் வலிமை டிபிஎம் என்னும் அலகில் எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். 0 என்றால் ஒரு மில்லிவாட், ஒவ்வொரு 10 குறையும்போதும் வலிமை பத்தில் ஒன்றாகும். மைனஸ் 20 என்பது மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. அது நல்ல நிலையே. மைனஸ் 27ஐ நெருங்கினால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் தூசி சேர்ந்திருக்கிறது என்று பொருள். இப்படியொரு எண் பெட்டியில் இருந்தாலே கண்ணாடி வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பது உறுதி.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹவுராவின் கோடைக்காலமே சோதனைக்கூடம். வங்காளத்தில் ‘கால்பைசாகி’ எனப்படும் சித்திரை, வைகாசி மாதத்து மாலைப் புயல் வரும்போது மின்சாரம் போவது வழக்கம். வீட்டில் இன்வெர்ட்டரால் ரவுட்டர் எரிந்துகொண்டிருக்க, தெருவில் மின்சாரம் நின்ற கணத்திலேயே இணையமும் நின்றால், வழியில் எங்கோ மின்சாரத்தை நம்பிய சுவிட்ச் ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் முழுக் கண்ணாடி இணைப்பு அப்போதும் தாக்குப்பிடிக்கும். ஆயினும் ஓஎல்டி கருவியே அதே பேட்டையின் ஓர் அறையில், பேட்டரி வலுவிழந்த நிலையில் இருந்தால் இந்த அடையாளம் பொய்த்துப்போகும். மின்னல் இன்னொரு அடையாளம். இடியோடு வரும் மின்பாய்ச்சலைச் செம்பு வீட்டுக்குள் கடத்தி ரவுட்டரின் துளைகளைக் கருக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் ரவுட்டர் மாற்ற நேரும் வீட்டில் இணைப்பு செம்பாக இருக்கும் என்றே ஐயுற வேண்டும்.

வேகச்சோதனையை அவ்வளவு நம்ப முடியாது. 100 மெகாபிட் திட்டத்தைச் செம்பும் கண்ணாடியும் ஒரே மாதிரி தரும். சந்தாதாரர் குறைபடுவது பெரும்பாலும் சுவரைத் தாண்டமுடியாத வைஃபையைப் பற்றியே. பிங் எனப்படும், ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் காலத்தை அளக்கும் சோதனை, வானலையைக் கம்பியிலிருந்து ஓரளவு பிரித்துக்காட்டும்: நிறுவனத்தின் முதல் கருவிவரை கம்பியில் பொதுவாகச் சில மில்லிநொடி ஆகும், வானலையில் அது கூடுதலாகவும் நிலையற்றும் இருக்கும். ஆனால் செம்பையும் கண்ணாடியையும் அது பிரிக்காது. சென்னையிலுள்ள ஒரு கணினியைப் பிங் செய்தால் எண் பெரிதாவது இணைப்பின் குற்றமன்று. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், ஹவுராவிலிருந்து சென்னைவரையான 1,660 கிலோமீட்டர் ரயில் பாதையின் நீளத்தைப் போய்வரவே ஏறத்தாழ 17 மில்லிநொடி ஆகும்.

பெயரை ஒழுங்குபடுத்துவதில் வேறு நாடுகள் முந்திவிட்டன. இத்தாலி 2018இல் வீடுவரை கண்ணாடிக்குப் பச்சை, கலப்புக்கு மஞ்சள், செம்புக்குச் சிவப்பு என்று விளம்பர அடையாளங்களை வகுத்தது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் முதல், வீடுவரை கண்ணாடி வராத இணைப்பை வெறுமனே ஃபைபர் என்று விற்கக் கூடாது என்பது ஒழுங்குமுறை அமைப்பின் வழிகாட்டல். இந்தியாவில் 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட பிராட்பேண்ட் வரையறை, குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அது வேகத்தைச் சொல்லும், கம்பியின் பொருளைச் சொல்லாது.

கட்டடம்வரை கண்ணாடியும் அங்கிருந்து முப்பது மீட்டர் நல்ல செம்பும் கொண்ட அடுக்ககத்தில் குறைசொல்ல அதிகமில்லை. மூன்று மாடிகளின் சுவிட்சுகளைத் தாண்டித் திறந்தவெளியில் வரும் செம்பை ஃபைபர் விலைக்கு வாங்குவது வேறு. அங்கே பணம் கட்டும் முன் ‘இழை என் சுவருக்குள் வருமா, ஓஎன்யு யார் வீட்டில் இருக்கும்’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது போதும்.

சோதித்துப் பார்ப்பவர்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஒளி வருகிறதா என்று அறிய, இழையின் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. பழுதுபார்ப்பவர் பேனாபோன்ற கருவியால் பாய்ச்சும் சிவப்பொளி, கேபிள் ஒடிந்த இடத்தில் அந்திவேளையில் செம்புள்ளியாகக் கசிவது கண்ணுக்குத் தெரியும்; இணையத்தைச் சுமக்கும் 1490 நானோமீட்டர் ஒளியோ கண்ணுக்குத் தெரியவே தெரியாது.