ஹாக்கி மட்டையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு



விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது இன்று புதுமையல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காகக் கூடைப்பந்தில் தங்கம் வென்ற உக்ரைன்காரர் வோல்கோவ், பிற்காலத்தில் தம் நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். சென்ற மாதம் என் பேரன் இதை எங்கோ படித்துவிட்டு, "நம்ம நாட்டில் இப்படி யாராவது உண்டா தாத்தா?" என்று கேட்டான். உண்டு என்றேன். "உன்னோடு பந்து விளையாடுகிறானே எதிர்வீட்டு ராஞ்சிப் பையன், அவன் ஜனத்தைச் சேர்ந்தவர்தான்" என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்துவிட்டுத் தென்கிழக்கு ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் ஹட்டியாவிலிருந்து ரூர்கேலா போகும் பாதையில் கழிந்தன. கர்ரா, கோவிந்த்பூர் ரோடு, பானோ என்று சால மரக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் பாதை அது. என் கீழ் வேலை செய்த கேங்மேன்கள் பெரும்பாலும் முண்டா, ஒராவோன் மக்கள். மழைக்காலத்தில் சரிவு மண் பாதையில் இறங்கினால் இரவென்றும் பாராமல் மண்வெட்டியோடு நிற்பார்கள். அவர்களில் வயதான மேட் ஒருவர் தம் குடிசைச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தார். கோட்டு அணிந்த, வாட்டசாட்டமான மனிதர். யாரென்று கேட்டேன். "மராங் கோம்கே" என்றார். முண்டாரி மொழியில் பெரிய தலைவர் என்று பொருள். ஜெய்பால் சிங் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தக் குடிசை வாசலில்தான்.

அவர் 1903 ஜனவரி 3ஆம் தேதி குந்தி அருகே டக்ரா என்ற முண்டா கிராமத்தில் பிறந்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் இறந்தது 1900இல். அந்தச் சூடு ஆறாத மண். பையன் மாடு மேய்த்தான், பிறகு ராஞ்சி செயின்ட் பால் பள்ளியில் படித்தான். பள்ளியின் தலைமைப் பாதிரியார் அவன் திறமையைக் கண்டு 1918இல் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றதோடு, ஹாக்கியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடி 'புளூ' என்ற கௌரவமும் வாங்கினார். அவர் ஆடியது பேக் நிலையில், அதாவது கோல் காப்பவருக்கு முன்னால் நிற்கும் கடைசிச் சுவராக. அந்நாளில் எல்லோரும் கனவு கண்ட ஐ.சி.எஸ். பதவிக்கும் தேர்வாகி, பயிற்சியில் இருந்தார்.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் ஆடுவது அதுவே முதல் முறை. ஜெய்பால் சிங்கைக் கேப்டனாக அழைத்தார்கள். லீவு கேட்டார், மேலிடம் மறுத்தது. லீவு கிடைக்காவிட்டால் நானெல்லாம் பெருமூச்சு விட்டுவிட்டு டூட்டிக்குப் போயிருப்பேன். அவர் போய் ஆடினார்!

அந்த அணியில் தியான்சந்த் இருந்தார். பெரும்பாலானோர் ஆங்கிலோ இந்தியர்கள். ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, ஸ்விட்சர்லாந்தை 6-0, இறுதியில் ஹாலந்தை 3-0. மொத்தம் 29 கோல். அதில் 14 தியான்சந்துடையவை. எதிரணி போட்டது ஒன்றுகூட இல்லை. இந்தியாவின் முதல் ஹாக்கி தங்கம் அது. இதில் ஒரு வருத்தம், இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் ஆடவில்லை. நிர்வாகத்தோடு ஏற்பட்ட மனஸ்தாபம் என்பார்கள். அன்று பின்னிகர் என்பவர் அணியை நடத்தினார். கேப்டன் ஜெய்பால் சிங் என்றே சரித்திரம் எழுதியிருக்கிறது, அது நியாயம்தான்.

திரும்பி வந்தவரிடம், பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள். ஐ.சி.எஸ்.ஸே வேண்டாம் என்று வெளியேறினார். பின்னர் கல்கத்தாவில் எண்ணெய்க் கம்பெனி உத்தியோகம், ஆப்பிரிக்காவில் இன்றைய கானாவிலுள்ள அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர் வேலை, ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானேர் சமஸ்தானத்தில் மந்திரி பதவி என்று பத்தாண்டு ஓடியது. முதல் மனைவி காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி. இரண்டாவது மனைவி ஜஹனாரா ஜெயரத்னம். அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டால் நம் காது நிமிராமல் இருக்குமா? அவர் ராஜ்யசபை உறுப்பினராகவும் இருந்தார்.

1939இல் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானபோதுதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. தமக்கென்று ஒரு மாகாணம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய பேச்சைப் பற்றிப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தம்மை 'காட்டுமிராண்டி' என்று மற்றவர் சொல்லும் அதே வார்த்தையால் பெருமையாக அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்பிக்க வேண்டாம், அவர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசினார். மதுவிலக்கு விவாதம் வந்தபோது, அரிசி பியர் எங்கள் சடங்கிலும் வழிபாட்டிலும் கலந்தது, அது இல்லாவிட்டால் நாற்று நடவே நடக்காது என்று தைரியமாக எதிர்த்தார். ஹாண்டியா என்ற அந்தப் பானத்தை எங்கள் கேங்மேன்கள் எனக்கும் நீட்டியதுண்டு. குடித்தேனா என்று வீட்டில் யாரும் கேட்கவேண்டாம்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது சரியாகாது. 1948 ஜனவரி 1ஆம் தேதி, கர்ஸவான் சமஸ்தானத்தை ஒரிசாவோடு சேர்ப்பதை எதிர்த்து ஆதிவாசிகள் திரண்டனர். ஜெய்பால் சிங் வருவார், பேசுவார் என்றே தூரதூரத்திலிருந்து நடந்து வந்தார்கள். அவர் வரவில்லை. போலீஸ் சுட்டது. இறந்தோர் எண்ணிக்கையில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ராஜ்கர்ஸவான் ஸ்டேஷன் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். இந்த விஷயம் தெரிந்த பிறகு அங்கே வண்டி நிற்கும்போது பேச்சு வருவதில்லை.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டசபையில் முப்பதுக்கு மேல் இடங்கள் பிடித்து முக்கிய எதிர்க்கட்சி ஆயிற்று. சேவல் அவர்கள் சின்னம். 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு தனி மாநிலத்தை மறுத்தது. 1963இல் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். அந்தச் சுவர்ப்படத்து மேட்கூட இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். என் அபிப்பிராயமும் அதுதான்: தடுத்து ஆடுவதில் பேர் வாங்கியவர், அன்று பந்தை விட்டுவிட்டார். 1970 மார்ச் 20இல் காலமாகும்வரை லோக்சபை உறுப்பினராக இருந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் 2000 நவம்பர் 15இல், பிர்சா முண்டாவின் பிறந்தநாளன்று பிறந்தது. வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் போகும் ஆதிவாசி மாணவர்களுக்கு அம்மாநில அரசு இவர் பெயரில் உதவித்தொகை தருகிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். 1918 முதல் வனத்துறை வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஜெய்பால் சிங் இங்கிலாந்துக்குப் போன அதே ஆண்டு! ஒரே மண்ணிலிருந்து ஒரு பையன் ஆக்ஸ்போர்டு பக்கம் போக, மற்றவர்கள் அந்தமான் காட்டுக்கு மரம் வெட்ட வந்தார்கள். அவர்கள் முண்டாவானாலும் ஒராவோனானாலும் கரியாவானாலும் இங்கே எல்லோருக்கும் ஒரே பெயர், 'ராஞ்சி'. நம்மை எந்த மாவட்டம் என்று கேட்காமல் 'மதராஸி' என்றது போலத்தான்.

நம்மவர் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பழங்குடிப் பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கு, யூனியன் பிரதேசத்துக்கு என்று தனித்தனி. குந்தியில் முண்டா பழங்குடி. அவருடைய பங்காளி மூன்று தலைமுறையாக இங்கே இருந்தாலும் இத்தீவுப் பட்டியலில் அவர் இல்லை. அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென் ஆகியோர் மட்டுமே உண்டு. பட்டியல் சாதி என்ற அட்டவணையோ இங்கே அறவே கிடையாது. ஊரில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்து இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் புரியும். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்த நம் மக்களுக்கும் கப்பலேறியதன் கணக்கு தெரியும்.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் அப்பா காட்டில் யானைகளோடு மரம் இழுத்தவராம். "ஜெய்பால் சிங்கைத் தெரியுமா?" என்று கேட்டதும் உள்ளே போய், உறவினர் ராஞ்சியிலிருந்து அனுப்பிய காலண்டரை எடுத்துவந்து காட்டினார். அதே கோட்டு, அதே முகம். பேரன் பையனையும் கூட்டி வந்து பார்த்தான். இருவரும் மாலையில் மரக்கிளை ஒடித்து ஹாக்கி மட்டை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். யார் பேக் ஆடுவது என்று இன்னும் சண்டை தீரவில்லை.