நினைவிழந்த வழிநூல்

முதல்நூலைப் பின்பற்றி வழிநூல் செய்வோன் எதைக் காத்தல் வேண்டும், எதை மாற்றலாம் என்பதை நன்னூலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்துரைத்துவிட்டார். முன்னோர் கண்ட முடிபுகளோடு வழிநூல் ஒத்துச் செல்லவேண்டும். பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் அதிற் சேர்க்கலாம். ஆயினும் மரபு சிதைந்துவிடலாகாது. அறிவு நூல்களை எண்ணி எழுதப்பெற்ற இவ்விதி கதைநூல்களுக்கும் பொருந்தும். கணினித் திரையில் ஆடப்பெறும் கதைகளுக்கோ இன்னுங் கூடுதலாகப் பொருந்தும். ‘டிராகன் ஏஜ்’ என்னும் விளையாட்டுத் தொடரை அதன் முதற் பாகந்தொட்டுப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள், 2024இல் வெளிவந்த நான்காம் பாகத்தை ஆடி முடித்தபோது ஏமாற்றமடைந்தனர். அந்த ஏமாற்றத்தின் வேர் இவ்விதி மீறப்பட்டதிலேதான் இருக்கிறது.

கணினி விளையாட்டுக்கும் வாரப் பதிப்பின் இலக்கியப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று முப்பது வயதைக் கடந்து நிற்போருள், தம் முதல் நெடுங்கதையை அச்சிலன்றித் திரையிலே கண்டவர் பலர். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னுக்காக வாரந்தோறும் காத்திருந்த பாட்டன்மாரின் ஆவலுக்கு, அடுத்த பாகத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த இப்பேரப்பிள்ளைகளின் ஆவல் சற்றும் குறைந்ததன்று. ஆவல் இருக்குமிடத்தில் விமரிசனமும் இருத்தல் தகும்.

கொப்பியில்லாக் கூத்து

டிராகன் ஏஜ், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகையைச் சேர்ந்தது. இவ்வகை கணினியிற் பிறந்ததன்று, மேசையிற் பிறந்தது. 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை அவர்கள் வாயாற் சொல்ல, வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். நடத்துபவர் நம் நாட்டுக்கூத்தின் அண்ணாவியாரைப் போன்றவர். ஆனால் அண்ணாவியார் கையில் எழுதிவைத்த கூத்துக் கொப்பி உண்டு. இவரிடம் முழுமையான கொப்பி இல்லை. ஆடுவோர் செய்யும் செயல்களே கதையாக விரிகின்றன. சென்ற கிழமை நீர் காப்பாற்றிய கிழவர் இந்தக் கிழமை உமக்கு வழிகாட்ட வருவார். நீர் ஏமாற்றிய வணிகன் காவலரை அழைத்துக்கொண்டு வருவான். ஆகவே, நடத்துபவரின் நினைவே அந்த ஆட்டத்தின் உயிர்.

அந்த நினைவுப் பணியைப் பிற்காலத்திற் கணினி ஏற்றுக்கொண்டது. கனடாவின் எட்மண்டன் நகரில் 1995இல் மருத்துவர் மூவர் தொடங்கிய பயோவேர் நிறுவனம் இத்துறையிற் பெரும்புகழ் ஈட்டியது. 1998இலும் 2000இலும் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டுகள் இரண்டும் அதன் பெயரை நிலைநாட்டின. பின்னர் அந்நிறுவனம் தெடாஸ் என்றொரு கற்பனை உலகைத் தானே படைத்து, 2009 நவம்பரில் ‘டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்’ என்னும் முதற் பாகத்தை வெளியிட்டது.

மதிலுக்குள் ஒரு குடியிருப்பு

நம் நாட்டிற் போர் முடிந்து அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன. கணினி உதிரிப்பாகம் வாங்குவதற்குப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் மாடிப்படிகளில் இளைஞர் ஏறி இறங்கிய காலம். மூலப் பிரதி வாங்கும் வசதி சிலருக்கே இருந்தது. பெரும்பாலோர் காலி வீதியில் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்த நகல் வட்டுகளிலேயே அவ்வுலகைக் கண்டனர். தமிழில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, திரையில் வந்த ஆங்கில உரையாடல்களை வரிவரியாகப் படித்தே ஆடவேண்டியிருந்தது.

ஒரிஜின்ஸ் என்ற பெயருக்கேற்ப, அதன் நாயகருக்குப் பிறப்பிடங்கள் ஆறு. அரச குடும்பத்திற் பிறக்கலாம். காட்டிலே திரியும் குடியிற் பிறக்கலாம். நகரத்து எல்ஃப் இனத்திலும் பிறக்கலாம். எல்ஃப் என்போர் ஒருகாலத்தில் நாடாண்டு, பின்னர் அதனை இழந்த இனத்தார். டெனெரிம் என்னுந் தலைநகரில் அவர்கள் மதில் சூழ்ந்த ஒதுக்குக் குடியிருப்பொன்றில் வாழ்கின்றனர். நடுவே ஊருக்குப் பொதுவான பெருமரம் ஒன்று நிற்கிறது. நாயகரின் திருமண நாளன்று பிரபு மகன் ஒருவன் ஆட்களோடு உள்ளே புகுந்து பெண்களைக் கவர்ந்து செல்வதோடு கதை தொடங்குகிறது.

2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 370க்கும் மேற்பட்டோரைப் பொலிசார் பஸ் வண்டிகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. பொலிஸ் பதிவும் அடையாள அட்டைச் சோதனையும் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்த தெருக்களில் வளர்ந்த ஓர் இளைஞன், அந்த மதிற்குடியிருப்பின் கதையை எவ்வாறு படித்திருப்பான் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எட்மண்டனில் இருந்து எழுதியோர் கொழும்பை எண்ணி எழுதவில்லை. நல்ல கதை, எழுதியோர் எண்ணாத வாசகனையும் சென்றடையும்.

அந்தக் கதை அவன் கையில் ஓர் அதிகாரத்தையுந் தந்தது. பிற்பகுதியில், அக்குடியிருப்பின் மக்களை டெவின்டர் நாட்டார் நோய்தீர்ப்பதாகச் சொல்லி அடிமைகளாகக் கொண்டுபோவதை நாயகர் கண்டுபிடிக்கிறார். தடுக்கலாம், தன்னலம் கருதிப் பேரமும் பேசலாம். முடிவில் நாட்டைக் காத்ததற்குக் கைம்மாறாக அரியணையில் இருப்பவரிடம் ஒரு வரங் கேட்கலாம். எல்ஃப் நாயகர் தம் மக்களுக்காகக் கேட்டால், அவர்தம் ஒன்றுவிட்ட சகோதரி ஷியானி அக்குடியிருப்பின் பிரபுவாக அரசவையில் இடம்பெறுவாள். எத்தனையோ இரவுகள் விழித்திருந்து இளைஞர்கள் பெற்ற வரம் அது.

பொறுக்கப்பட்ட குறைகள்

இரண்டாம் பாகம் பதினாறே மாதங்களில், 2011 மார்ச்சில், வெளிவந்தது. அவசரம் அதில் நன்கு தெரிந்தது. ஒரே குகையை வெவ்வேறு இடமென்று திரும்பத் திரும்பக் காட்டினர். இரசிகர் சினந்தனர்; ஆயினும் கைவிடவில்லை. முதற் பாகத்தின் சேமிப்புக் கோப்பை இரண்டாம் பாகம் படித்தது. அலிஸ்டர் என்னுந் தோழனை அரசனாக்கியவர் அவனை அரசனாகவே கண்டார். அவனை விரட்டியவர், மதுக்கடையிற் குடித்துப் புலம்பும் அகதியாகக் கண்டார். செய்தது கணக்கில் இருந்தது. வெள்ளவத்தையை விட்டு ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், குடும்பப் புகைப்படங்களோடு அந்தச் சேமிப்புக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துச் சென்றார். அப்போது சிரித்தோம், அவர் செய்தது சரியென்பது பின்னரே புரிந்தது.

2014 நவம்பரில் மூன்றாம் பாகமாகிய ‘இன்குவிசிஷன்’ வந்தது. முன்னைய இரண்டு பாகங்களிலும் ஆடுவோர் செய்த நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பதிந்துவைக்க நிறுவனமே இணையத்தில் ஓர் ஏட்டைத் திறந்தது. அதன் பயன் கதையில் தெரிந்தது. முதற் பாகத்தின் நாயகர் உயிரோடிருந்தால் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். மோரிகன் என்னும் மந்திரக்காரியோடு அவர் செய்த உடன்பாட்டைப் பொறுத்து, அவளருகே கீரன் என்றொரு சிறுவன் நிற்பான். 2015இல் வந்த பின்னிணைப்பின் முடிவில், தோழனாக இருந்த சோலாஸ் தன் உண்மை உருவைக் காட்டிப் பகைவனாகப் பிரிந்தான். அடுத்த பாகம் அவனைத் தேடிச் செல்லும் என்ற வாக்குறுதியோடு திரை விழுந்தது. அது மீண்டும் எழுவதற்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன.

மூன்று வினாக்கள்

2024 அக்டோபர் 31ஆம் திகதி ‘தி வெயில்கார்ட்’ வெளிவந்தது. இடையில் நிறுவனம் பட்ட பாடு சிறிதன்று. ஒரு முயற்சி தொடங்கிக் கைவிடப்பட்டது. பலர் கூடி ஆடும் இணைய ஆட்டமாக மாற்றினர். மீண்டும் தனியொருவர் ஆடும் கதையாகத் திருப்பினர். எனினும் விமரிசகர் பலர் இதனைப் பாராட்டவே செய்தனர். அப்பாராட்டில் நியாயம் உண்டு. சண்டைகள் விறுவிறுப்பானவை, நகரங்கள் கண்ணைக் கவர்வன, இறுதிக் காட்சிகள் எழுச்சி மிக்கவை. தோழர் ஒருவரின் பாலடையாளத்தைக் காட்டிக் கூச்சலிட்டோர் பலர். அந்த வெறுப்புக்கும் இங்கே எழுப்பப்படும் குறைக்கும் தொடர்பில்லை.

குறை வேறு. பழைய பாகங்களில் நீர் செய்தவற்றுள் இப்பாகம் கேட்பவை மூன்றே மூன்று. மூன்றாம் பாகத்து நாயகர் யாரைக் காதலித்தார்? தம் இயக்கத்தைக் கலைத்தாரா, காத்தாரா? சோலாஸைத் தடுக்க உறுதி பூண்டாரா, மீட்க உறுதி பூண்டாரா? இவ்வளவே. முதலிரு பாகங்கள் பற்றி ஒரு வினாவும் இல்லை. அரியணையில் யார் இருக்கிறார் என்பது பேசப்படுவதில்லை. மோரிகன் வருகிறாள்; மகன் ஒருவன் இருந்தானா என்பது பற்றி வாய்திறப்பதில்லை. ஷியானியின் பதவி என்னவாயிற்று என்பதும் இல்லை. கதை நிகழ்வதோ, எந்நாட்டார் அக்குடியிருப்பு மக்களை அடிமை கொண்டனரோ அதே டெவின்டரில்! அங்குங்கூட அடிமை வாணிபம் பெரிதும் பேச்சளவில் நின்றுவிடுகிறது. தெற்கே பழைய நாடுகள் அழிந்துகொண்டிருக்கும் செய்தி சில கடிதங்களில் வந்து முடிகிறது.

மாற்றம் வேறு, மறதி வேறு

‘பழைய இரசிகர் எந்த மாற்றத்தையும் பொறார்’ என்பர் சிலர். இவ்விடைக்கு நம் இலக்கியமே மறுப்பு. சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்வது மணிமேகலை. ஆசிரியர் வேறு, சமயச் சார்பு வேறு, சுவை வேறு. காதலும் கோபமும் நிறைந்த முன்னூலுக்குப் பின், துறவும் தருக்கமும் நிறைந்த நூல் வந்தது. இத்தனை மாறியும், மணிமேகலை வஞ்சிக்குச் சென்று கண்ணகியின் படிமத்தின் முன் நிற்கிறாள். மதுரையில் நடந்ததை நூல் மறக்கவில்லை. அதனாலேயே அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியம் என்று தமிழுலகம் ஏற்றுக்கொண்டது. சாத்தனார் கண்ணகியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் விட்டிருந்தால், மணிமேகலை நல்ல நூலாக இருந்திருக்கலாம், இரட்டையாக இருந்திராது.

ஆக்கியோர் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் வேண்டும். கதை வடக்கே நிகழ்கிறது; தெற்கிற் செய்த முடிவுகளுக்கு அங்கே இடம் குறைவு. ஒவ்வொரு முடிவும் கதையை இரண்டாகக் கிளைக்கச் செய்யும்; மூன்று பாகங்களின் கிளைகள் அனைத்தையும் நடித்துப் பதிவுசெய்யும் செலவை எந்த நிறுவனமும் தாங்காது. இஃது உண்மை. ஆனால் இரசிகர் கேட்டது கிளைகள் அனைத்தையும் அன்று. முன்னொருகால் ஒரு கடிதம் போதுமாயிருந்தது. மதுக்கடையில் ஒரு குடிகாரன் போதுமாயிருந்தான்.

நாவலாசிரியர் முன்னைய பாகத்தை மறந்தால் அவர் தம் படைப்பையே மறக்கிறார், நட்டம் அவருடையது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் ஆடுவோன் வாசகன் மட்டுமல்லன், பாதி ஆசிரியனுங்கூட. இவன் எழுதிய பாதியைக் காப்பதாகச் சொல்லித்தான் அவனிடமிருந்து பதினைந்து ஆண்டுகளைப் பெற்றனர்.

வணிகத்தின் தீர்ப்பு விரைவில் வந்தது. மூன்று மாதத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் ஆடினர் என்றும், அது எதிர்பார்த்ததிற் பாதியளவே என்றும் உரிமையாளராகிய இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 2025 ஜனவரியில் அறிவித்தது. பயோவேரில் பலர் பணியிழந்தனர். பலர் ஒன்றாகக் கூடி ஆடும் உலகங்களையே இக்காலத்தார் நாடுகின்றனர் என்ற பொருள்பட அதன் தலைவர் பேசினார். ஆனால் 2023 ஆகஸ்டில், பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் பயோவேர் விட்டுச்சென்ற பால்டர்ஸ் கேட் தொடரின் மூன்றாம் பாகத்தை வெளியிட்டுப் பெருவெற்றி கண்டிருந்தது. ஆடுவோன் செய்த சிறு செயலையுங் குறித்துவைத்துப் பின்னர் அவன் முன்னே கொணர்ந்து நிறுத்தும் பழைய முறைதான் அதன் சிறப்பு.

ஷியானிக்காக வரங்கேட்ட இளைஞர்களில் ஒருசாரார் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். எஞ்சியோர் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிற் பிள்ளைகளை வளர்க்கின்றனர். தம் மக்களுக்கு நேர்ந்ததை உலகம் எவ்வளவு எளிதில் மறக்கும் என்பதை அவர்கள் வேறிடத்தில் அறிந்தவர்கள். கற்பனை உலகமேனும் மறவாதிருக்கும் என்று நம்பியதே அவர்கள் செய்தது. ஐந்தாம் பாகம் ஒன்று என்றேனும் எழுதப்படுமாயின், அதனை எழுதுவோர் புதிய நாடுகளையும் புதிய பகைவரையும் விருப்பம்போலப் படைக்கட்டும். டெனெரிம் மதிலுக்குள் அந்தப் பெருமரம் இன்னும் நிற்கிறதா என்பதை மட்டும் ஒரு வரியிற் சொல்லட்டும்.