புத்தளக் கரையும் வான்படை வலிமையும்



புத்தளக் கடனீரேரியின் வாயிலைப் பார்த்தபடி கற்பிட்டிக் கோட்டை நிற்கின்றது. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் தொடங்கி 1676ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோட்டை அது. பகைவர் கடல் வழியாகவே வருவர். பீரங்கி எட்டும் தொலைவில் அவர்களைத் தடுத்துவிடலாம் என்பது அதனைக் கட்டியோரின் கணக்கு. ஏறத்தாழ 270 ஆண்டுகள் சென்றபின், கற்பிட்டி வீதி பிரிகின்ற பாலாவிப் பக்கத்தில் வேறொரு காவல்நிலையம் எழுந்தது. அதற்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. நீண்டதோர் ஓடுபாதைதான் இருந்தது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலீனா என்னும் கடல்விமானம் ஒன்று இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டது. கனடா நாட்டவரான லியனாட் பேர்ச்சோல் அதன் தலைவர். தமது விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அவர் வானொலி மூலம் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. நகரத்து மக்கள் பல்லாயிரவர் ஊரைவிட்டு வெளியேறினர்.

அன்று பிற்பகல் நடுக்கடலில் நேர்ந்ததே கடற்போர் அறிந்தோரைப் பெரிதும் திகைக்க வைத்தது. டோர்செற்சயர், கோண்வோல் என்னும் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களை, தலைகீழாகப் பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள் சில நிமிடங்களுக்குள் மூழ்கடித்தன. 424 பேர் மாண்டனர். உயிர் தப்பியோர் ஒரு நாளுக்கு மேலாகக் கடல்நீரில் தத்தளித்தபின் மீட்கப்பட்டனர். ஏப்பிரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்குண்டது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அப்போது அக்கப்பலின் மேற்றளத்தில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை. விமானம் இல்லாத விமானந்தாங்கி, வாள் இல்லாத உறைக்கு ஒப்பானது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து குண்டுவீச்சு விமானத்தின் இயல்பை நாம் விளங்கிக்கொள்ளலாம். அது தனித்து நின்று வெல்லும் ஆயுதமன்று. முதலாவதாக, பகைவன் இருக்குமிடத்தைக் கண்டறியும் கண் அதற்கு வேண்டும். கட்டலீனா அத்தகைய கண்ணாக இருந்தது. இரண்டாவதாக, அதனைக் காக்கும் சண்டை விமானங்கள் உடன்செல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறன்று திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் துணையின்றி வந்து அகப்பட்டன, ஆறும் வீழ்த்தப்பட்டன. ஏப்பிரல் 9ஆம் திகதி கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து சென்ற பிளென்ஹைம் விமானங்களில் ஒன்பது நகுமோவின் கப்பல்களை எட்டிக் குண்டு வீசின. ஒரு குண்டும் இலக்கிற் படவில்லை. அவற்றுள் ஐந்து விமானங்கள் அழிந்தன. மூன்றாவதாக, ஓடுபாதை, பெற்றோல், திருத்தும் பணியாளர், பயிற்சி ஆகியன தரையில் நிலைபெற வேண்டும். வானில் ஒரு மணி நேரம் பறப்பதற்குத் தரையில் பல நாள் உழைப்பு வேண்டும்.

இந்த மூன்றாவது தேவையே புத்தளக் கரையைப் போருக்குள் இழுத்தது. விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும்போது அதன் விமானங்கள் பறந்து பயில இயலாது. ஆதலால் கப்பல் கரையை அணுகுமுன்பே அவை பறந்துசென்று நிலத்திலுள்ள தளமொன்றில் இறங்குதல் வழக்கம். புத்தளத்தில் அத்தகைய கடற்படை விமானத்தளம் 1943ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பிரித்தானியர் தம் கரைத்தளங்களுக்கும் கப்பல்போற் பெயரிடுவர். புத்தளத் தளத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'ராஜாலியா' என்னும் சிங்களச் சொல். நம் செவிக்கு அது இராசாளி என்றே ஒலிக்கும். அதுவும் வேட்டைப் பறவையின் பெயரே. கட்டுக்குறுந்தைத் தளம் 'உக்குஸ்ஸா' எனவும், கொழும்புத் தளம் 'பேருண்டா' எனவும் வழங்கின; அவையும் பறவைப் பெயர்களே.

கோர்செயர் என்னும் சண்டை விமானங்கள் இங்கே வந்திறங்கின. இரண்டாயிரம் குதிரைவலு கொண்ட பொறி; மடிக்கக்கூடிய சிறகுகள். அக்கால விமானக்கலையின் உச்சிகளுள் ஒன்று அது. ஆயினும் மாரி பொழிந்து நிலம் சேறானபோது அந்த வலிமை மிக்க இயந்திரம் அசையமாட்டாது நின்றது. அப்போது கைகொடுத்தது யானை. சங்கிலி பூட்டிய யானை கோர்செயரை இழுத்துச் செல்லும் காட்சி நிழற்படங்களாக இன்றும் உள்ளது. வெப்பமும் பகையாயிற்று. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அது சிறகுக்குத் தரும் தாங்குவிசையும் குறைவு, பொறியின் வலுவும் குறையும். பராக்குடா என்னும் குண்டுவீச்சு விமானங்கள் இவ்வெப்பக் கடல்களில் போதிய தூரம் செல்ல மாட்டாமையால், பின்னர் அவென்ஜர் விமானங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

பெருவிமானமே பெருவெற்றி தரும் என்ற எண்ணமும் இத்தீவிற் சோதிக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 10ஆம் திகதி, சீனன்குடாவிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய் ஆலைகளை நோக்கிப் புறப்பட்டன. போகவர ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். விளைந்த சேதமோ சொற்பம். 1945ஆம் ஆண்டு சனவரி 24ஆம், 29ஆம் திகதிகளில், இலங்கைத் தளங்களிற் பயின்ற கடற்படை விமானிகள் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து அதே ஆலைகளைத் தாக்கினர். இழப்புகள் பலவாயினும் எண்ணெய் உற்பத்தி பெரிதும் குன்றியது. அருகிற் சென்று, தாழப் பறந்து, இலக்கைக் கண்ணாற் கண்டு தாக்கியமையே வேறுபாட்டிற்குக் காரணம்.

இலக்கைக் காணுதல் என்பதில் இன்னொரு பொருளும் உண்டு, நேயர்களே. உயரத்தில் இருப்பவனுக்குக் கூரை தெரியும். கூரைக்குக் கீழிருப்போர் தெரியார். அங்கொடையில் மாண்ட நோயாளர் எந்தப் படையிலும் சேர்ந்தவரல்லர். அந்த மகாயுத்தம் முடிந்து ஐம்பது ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் திகதி, உள்நாட்டுப் போரின்போது நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த குடிமக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் உயிரிழந்தனர். 2007ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்களும் கட்டுநாயக்கத் தளத்தின்மேற் குண்டு வீசின. கொழும்பு நகரம் மீண்டும் இரவில் விளக்கணைத்து வானத்தை அஞ்சியது. விமான ஒலி கேட்டவுடன் பிள்ளையை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தாய்மாருக்கு, வான்வலிமை இன்னதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

வான்படை கடலையும் மதிலையும் கடந்து செல்ல வல்லது. அதனால் போர்முனை என்றும் ஊர் என்றும் இருந்த எல்லை அழிந்தது. கற்பிட்டிக் கோட்டையின் மதில் அதன் உள்ளிருந்தோரைக் காத்தது. பாலாவி ஓடுபாதையோ தொலைவிலுள்ளோரைத் தாக்குவோருக்குப் பயன்பட்டது. தன் அயலிலிருந்த மீனவருக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் தலைக்குமேல் ஒரு கூரையையும் அது தரவில்லை. புத்தளம் வழியாகச் செல்லும் நேயர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பார்களாக.