புது மருந்தைப் பன்றிக்குக் கொடுத்துப் பார்ப்பது ஏன்?

புது மாத்திரையோ களிம்போ மனிதர்களிடம் சோதிக்கப்படும் முன், பொதுவாக இரண்டு வகை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்படும். ஒன்று எலி. மற்றொன்று பெரும்பாலும் நாய் அல்லது குரங்கு. அந்த இரண்டாவது இடத்தில் இப்போது பன்றியும் இருக்கிறது.

சரி, ஏன் பன்றி?

முதல் காரணம் தோல். எலிக்குத் தோல் மெலிசு, ரோமம் அடர்த்தி. பன்றிக்கோ நம்மைப் போல ரோமம் குறைவு. தோலும் அடியிலுள்ள கொழுப்போடு ஒட்டியே இருக்கும். அதனால் தோலில் பூசும் மருந்து எவ்வளவு உள்ளே இறங்குது, எரிச்சல் தருதா என்பது எலியை விட இதில் நன்றாகத் தெரியும். இதயமும் அதன் ரத்தக்குழாய்களும்கூட மனிதனுடையதை ஒத்தவை.

ஆனால் பண்ணைப் பன்றி ஆறே மாதத்தில் 100 கிலோவைத் தொட்டுவிடும். லேபில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். எடைக்கேற்ப மருந்தும் அதிகம் வேண்டும். இதற்காகவே ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1960-களில் ஒரு குட்டை ரகத்தை உருவாக்கியது. முழுசா வளர்ந்தாலும் சுமார் 40 கிலோதான்.

அப்போ, பன்றிக்கு ஒத்துக்கொண்டால் நமக்கும் ஒத்துக்கொள்ளுமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்பு உறைக்குள் வைத்து ஊசியில் ஏற்றும் சில மருந்துகள், பெரும்பாலான மனிதர்கள் தாங்கும் அளவிலேயே பன்றிக்கு மூச்சையும் இதயத்தையும் தடுமாற வைக்கும். மனிதர்களுக்காகச் செய்த ஆன்டிபாடி மருந்துகளை அதன் உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்பதும் உண்டு.

சோதனை முடிந்ததும், உறுப்புகளை ஆராய்வதற்காகப் பன்றிகள் பொதுவாகக் கொல்லப்படுகின்றன. நாய்க்கும் குரங்குக்கும் எழும் எதிர்ப்புக்குரல் பன்றிக்கு அவ்வளவாக எழுவதில்லை. அது தேர்வாக இதுவும் ஒரு காரணம்தான். இதற்கிடையே அமெரிக்கா 2022-லும் இந்தியா 2023-லும் விதிகளைத் திருத்தி, ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் போன்ற மாற்று வழிகளுக்கும் இடம் கொடுத்துள்ளன.